சாட்சிக்கு யார் சோறு போடுவது?

ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததற்காகக் கிடைத்த தண்டனைதான் இந்தப் பயணம்.

கொழும்பில் இரத்தினக்கல் வியாபாரம் செய்து செழித்த முதலாளி ஒருவர், இறக்கும்போது தம் சொத்தில் ஒரு பகுதியைத் தாம் பிறந்த ராமநாதபுரம் சீமைக்கு எழுதிவைத்தார். கோயிலுக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கும் அல்ல. ஏழைகள் கோர்ட் படி ஏறி நியாயம் கேட்க உதவும் பொதுக்காரியம் எதுவானாலும் அதற்குக் கொடுக்க வேண்டும் என்று உயிலில் கண்டிருந்தது. கொடுக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். முதல் கூட்டத்தன்று எனக்குப் பல்வலி. வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது எல்லாக் கமிட்டிகளுக்கும் உள்ள வழக்கம். மறுநாள் காலையில் நான் காரியதரிசியாக எழுந்தேன்.

நான் தலை நரைக்கும்வரை கொழும்புக் கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதி கேட்பதைச் சாட்சிக்கும், சாட்சி சொல்வதை நீதிபதிக்கும் சொல்லிச் சொல்லி, நியாயமே என் வாய் வழியாகத்தான் போய்வருகிறது என்ற நினைப்பு எனக்கு உண்டு. என் மனைவிக்கு வேறு கருத்து. என் வாய் வழியாகப் போவது சாப்பாடு மட்டும்தான் என்பாள். "போகிற இடத்தில் வாயைக் கட்டுங்கள்" என்று சொல்லி, ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பலையும் பெட்டிக்குள் வைத்தாள். ஐம்பதுகளின் கடைசி அது. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தனுஷ்கோடிக்குப் போய்வந்த காலம் மலையேறிவிட்டது.

தலைமன்னாரில் ஏறிய கப்பல் அன்று ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குக் காணிக்கை செலுத்தினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிறு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சோலியா வந்திருக்கீங்க?"

"ஏழைகளுக்கு நீதி கிடைக்க உதவி செய்ய" என்றேன். கப்பலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

"அது பெட்டிக்குள்ள இருக்கா, சட்டைப்பைக்குள்ள இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். சம்பல் போத்தலின் மூடி வழியில் கழன்றிருந்தது. மாசியின் மணம் அந்தக் கொட்டகை முழுக்கப் பரவியது. என் வேட்டிகளைத் தொடவும் விரும்பாமல், "நீதியை எடுத்துக்கிட்டு வெளிய போங்க" என்று பெட்டியை மூடிவிட்டார்.

ரயிலில் எதிரே கடலோர ஊர்க்காரரான ஒரு முஸ்லிம் வியாபாரி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தகர டப்பா. பாம்பன் பாலம் கடந்ததும் அதைத் திறந்தார். உள்ளே வட்டலப்பம். பெருநாளுக்கு எங்கள் தெருவில் வருமே, அதே தேங்காய்ப்பால், அதே கருப்பட்டி நிறம். என் கண் போன திசையை அவர் கவனித்துவிட்டார்.

"எங்கன போறீக?"

"ராமநாதபுரத்துக்கு. கோர்ட் காரியமாக."

கரண்டியை நிறுத்தினார். "அங்கன ஒங்களுக்கு யாரு சோறு போடுறா?"

அன்பாக விசாரிக்கிறாரே என்று நினைத்து, ஒரு வக்கீல் வீட்டில் பலகாரத்துக்கு ஏற்பாடாகியிருக்கிறது என்றேன். "ஓ, அந்தப் பக்கமா" என்றார். பிறகு, "நமக்குள்ள கேசு ஏதும் இல்லையே? அப்பச் சாப்பிடுங்க, பிஸ்மில்லா" என்று பாதியை எனக்கு நீட்டினார். விசித்திரமான மனிதர் என்று எண்ணியபடியே சாப்பிட்டு முடித்தேன். உச்சிப்புளி வருவதற்குள் டப்பா காலி.

ராமநாதபுரத்து வக்கீல் நல்ல உபசாரி. அவர் வீட்டு நெய் தோசையின் ஓரம் அப்பளம்போல நொறுங்கியது. அவருடைய திட்டம் ஒரு சட்ட நூல்நிலையம்: கண்ணாடி போட்ட அலமாரிகள், மின்விசிறி, வாசலுக்கு நேரே முதலாளியின் படம். ஏழைகள் இந்தப் புத்தகங்களைப் படிப்பார்களா என்று கேட்டேன். "அவர்களுக்காக நாங்கள் படிப்போம்" என்றார். அது எனக்கு மிகச் சரியான பதிலாகப்பட்டது. இரண்டாவது தோசையில் பணத்தை மனத்துக்குள் அவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

என் பையில் இன்னொரு மனுவும் இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சில பெண்கள் யாரையோ கொண்டு எழுதிக் கைநாட்டு வைத்து அனுப்பியது. ராமநாதபுரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், வழக்குக்கு வருகிற சாட்சிகளுக்குப் பொதுவாகச் சோறு போட ஒரு கொட்டகை வேண்டுமாம். வக்கீலிடம் காட்டினேன். இருவரும் சிரித்தோம். "சோத்துக்கடை வைக்கவா உங்க முதலாளி உயில் எழுதினார்?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனுப் போட்ட எல்லாரையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது கமிட்டியின் விதி. "அந்த ஊரா? அங்கே பெரியவீட்டுக்காரர் நமக்கு வேண்டியவர். சொல்லி அனுப்புகிறேன், சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம்" என்றார் வக்கீல். கவலைப்பட வேண்டிய இடமே அதுதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் என் காலடியில் ஒரு வெள்ளாடு பயணம் செய்தது. அதற்கு டிக்கெட் வாங்கியவர் கூரைமேல் மிளகாய் மூட்டைகளோடு இருந்தார். ஆடு போகிற வழி முழுக்க என் சப்பாத்தை நக்கியது. சாலை என்று அவர்கள் அழைத்தது, காய்ந்த கண்மாய்களுக்கு நடுவே பஸ்கள் போய்ப்போய் உண்டான ஒரு தடம். எங்கள் கொழும்பில் டிராம் வண்டியின் குலுக்கலைக் குறைசொல்லிப் பத்திரிகைக்கு எழுதியவன் நான்.

இறங்கிய இடத்தில் கூண்டு வண்டி காத்திருந்தது. பெரியவீட்டுக்காரரே வாசலில் நின்று வரவேற்றார். வாட்டசாட்டமான உடம்பு, அதற்கேற்ற சிரிப்பு. வெள்ளாட்டுக் கறி, குடல் குழம்பு, கோழி வறுவல், ரசத்துக்குப் பிறகும் ஒரு கறி. கொழும்பில் இவ்வளவும் ஒரு கல்யாணத்தில்தான் பார்க்கலாம், அதுவும் பெண்வீட்டார் பயந்தவர்களாக இருந்தால். "கூச்சப்படாம சாப்பிடுங்க, நம்ம வீடுதேன்" என்றார் அவர். கூச்சப்பட எனக்கு நேரம் இல்லை. கை கழுவியதும் பித்தளைத் தட்டில் வெற்றிலை வைத்து நீட்டினார். "எங்க ஊரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க." பல்லை நினைத்து வெற்றிலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வயிற்றோடுதான் மனுப் போட்ட பெண்களைப் பார்க்கப் போனேன். மிளகாய் காயப்போட்ட களத்தில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் பேச்சியம்மாள். புருஷனை இழந்தவள், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மனு அவளுடைய யோசனை.

"வாங்க. சாப்பிட்டீகளா?" என்றாள்.

"ஆயிற்று. பெரிய வீட்டில் பலமான விருந்து" என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன்.

அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அப்பச் சரி. போயிட்டு வாங்க" என்றாள்.

நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, நீதி என்பது சூரிய வெளிச்சம்போல எல்லாருக்கும் பொது என்று ஆரம்பித்தேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மி முடித்து நிமிர்ந்தபோது களத்தில் மிளகாயும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

நன்றிகெட்ட ஜனங்கள் என்று திட்டியபடி, வெயில் தாழ்ந்த பிறகு திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன். அதே பஸ்ஸில் பேச்சியம்மாளும் ஏறினாள். அவளோடு ஒரு மெலிந்த மனிதர், உழைத்து உழைத்துத் தோள் அகன்றவர். இருவரும் வேறுவேறு இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் கண்மாய்க்குள் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. கடலைத் தோற்கடித்த என் வயிறு மூன்றாவது கண்மாயில் கைவிட்டது. "நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. கறி, குழம்பு, வறுவல், ரசத்துக்குப் பிறகு வந்த கறி, எல்லாம் வந்த வரிசைக்குத் தலைகீழாக வெளியேறின. பஸ் முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார். நான் இருக்கையில் சரிந்து, "பெரியவீட்டு விருந்து அத்தனையும் போயிற்றே" என்று முனகினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். அந்த மெலிந்த மனிதர். "அத்தனையும் போச்சா?"

"ஒரு பருக்கை மிச்சமில்லை."

அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார். "ஏத்தா, தங்கலைல? தங்காத சோறு சாப்பிட்ட கணக்கா?"

அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் நடந்ததைப் போல ஒரு வாதத்தை நான் கொழும்பு சுப்ரீம் கோர்ட்டிலும் கேட்டதில்லை. கூரைமேலிருந்து இறங்கி வந்திருந்த ஒருவர், இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் முடிந்தது, பிறகு வயிற்றில் நடப்பது வேறு கதை என்றார். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி விடவில்லை. "ஒடம்புல ஒட்டுனாத்தானே விசுவாசம்? இந்தா கெடக்கே ரோட்டுல, அதுக்கு வந்து நாய்தேன் வாலாட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. என்ன நடக்கிறது என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"ஒருத்தர் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அவருக்கு எதிரா வாயத் தெறக்க மாட்டாக இந்தப் பக்கத்துல" என்றார் கண்டக்டர். "பேச்சியம்மா கேசே பெரியவீட்டுக்காரர் மேலதான். நீங்க நேரா அங்கன போயிக் கை நனைச்சிட்டீக."

வயிறு காலியாக இருந்ததால்தானோ என்னவோ, விஷயம் சட்டென்று உள்ளே இறங்கியது. ரயிலில் வட்டலப்பக்காரர் கேட்டது விருந்தோம்பல் அல்ல, விசாரணை. நீதியைப் பற்றி ஊருக்கே உபதேசம் செய்யக் கப்பலேறி வந்தவன், வந்ததும் வராததுமாக எதிர்க்கட்சியின் இலையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது.

"வெத்தலை வாங்குனீகளா?" என்று கூரைக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். சோற்றைவிட வெற்றிலை பெரிது. அது வாக்கு.

"வாங்கினேன். ஆனால் போடவில்லை." சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கண்டக்டர் அதை வாங்கித் தம் வாயில் போட்டுக்கொண்டார். "எனக்கென்ன? நான் ரெண்டு கட்சிக்கும் டிக்கெட் கிழிக்கிறவன்." அதோடு வழக்கு என் பக்கம் தீர்ந்தது.

பேச்சியம்மாள் எனக்கு முன்னால் இருந்த இருக்கைக்கு வந்தாள். அவள் புருஷன் தன் புஞ்சையில் ஒரு கிணறு வெட்டினான். அவன் இறந்த பிறகு அந்தப் புஞ்சை தம்முடையது, அவன் வெறும் குத்தகைக்காரன் என்று சொல்லிப் பெரியவீட்டுக்காரர் கிணற்றோடு சேர்த்து வேலி போட்டுவிட்டார். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அவளுக்கு மிளகாயும் இல்லை, அடுப்பும் இல்லை. நிலம் யாருடையது என்று கண்ணால் கண்டு சொல்லத் துணிந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த மெலிந்த மனிதர், கிணறு வெட்டுகிற முனியசாமி.

"போன வாய்தாவுக்கு அண்ணன் எங்க வீட்டுலயும் சாப்பிடல, யாரு வீட்டுலயும் சாப்பிடல" என்றாள். "கூண்டுல ஏறுனா, 'யாரு சோறு போட்டா'ன்னு அவுக வக்கீலு கேப்பாக. நான் போட்டேன்னு சொன்னா, காசு குடுத்துக் கூட்டியாந்த சாட்சின்னு தள்ளிருவாக. வெறும் வயித்தோட ஏறி, பேரைச் சொன்னதும் மயங்கி விழுந்துட்டாக."

"வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு வரக்கூடாதா?" என்று கேட்டேன்.

முனியசாமி பதில் சொன்னார். "கட்டுச்சோறு ஒரு நாளைக்குத் தாங்கும். வாய்தா தாங்காதுங்க. நாளைக்கு வா, நாளான்னைக்கு வாம்பாக. கூலியும் போயி, கடையிலயும் வாங்கித் திங்க நான் எங்க போறது?"

"அங்கன சத்திரம் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். "கேட்டேன். சேதுக்குப் போறவுகளுக்குத்தேன் சோறாம்." கடவுளைப் பார்க்கப் போகிறவனுக்குச் சோறு உண்டு, முன்சீப்பைப் பார்க்கப் போகிறவனுக்கு இல்லை. "நாளைக்கு விசாரணை. இதுக்கு மேல வாய்தா கெடையாதுன்னு முன்சீப்பு சொல்லிட்டாரு. அண்ணன் நாளைக்கு நின்னு பேசலைன்னா எனக்குக் கெணறு இல்ல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளைக் காலை முனியசாமிக்கு நான் பலகாரம் வாங்கித் தரலாமா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒருவருக்கு இட்லி வாங்கித் தர இவ்வளவு பயந்து அனுமதி கேட்டதில்லை. முனியசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவுகளுக்கும் ஆள் இல்ல, இவுகளுக்கும் ஆள் இல்ல. ஊரறியக் கக்கிட்டீக. வாரேன்" என்றார்.

காலையில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. பேச்சியம்மாள் உள்ளே வரவில்லை. சாலையின் அந்தப் பக்கம், எல்லாரும் பார்க்கும்படி முதுகைக் காட்டி நின்றாள். நான் வழக்கம்போல வடை, பொங்கல், பூரி என்று அடுக்கினேன். முனியசாமி இட்லியை மட்டும் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். "போதும்ங்க. மேல தின்னா ஒறக்கம் வந்துரும்." மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு மேஜையில் எனக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெய் தோசை வக்கீல். பக்கத்தில் பெரியவீட்டுக்காரர். இருவரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்கள். அந்த வக்கீல் வீட்டுத் தோசைக் கதையையும் முனியசாமியின் காதில் போட்டுவைத்தேன்.

பேச்சியம்மாளுக்காக ஓர் இளம் வக்கீல் எழுந்து, கிணறு யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். முனியசாமி நேராக நின்றார். குரல் கணீரென்று வந்தது.

"தண்ணி ஊறுனதும் மொத வாளியை நெலத்துக்காரன் கையிலதான் ஊத்துவோம், சாமி. வேற யாரு கையிலயும் ஊத்த மாட்டோம். நான் இந்தம்மா புருசன் கையில ஊத்துனேன். பெரியவீட்டு அய்யாவும் அங்கனதான் நின்னாக. நல்லா ஊறட்டும்னு வாழ்த்திட்டுப் போனாக."

பெரியவீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். வக்கீல் அவசரமாக எழுந்தார். கிணற்றுப் பக்கமே போகவில்லை. "காலையில் சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேனுங்க."

"யார் சோறு போட்டது?"

"அந்தா ஒக்காந்திருக்காகளே, கொழும்புக்காரவுக."

வக்கீல் திரும்பினார். தம் நூல்நிலையத்தின் அலமாரியும் மின்விசிறியும் வாசல் படமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். ஆனாலும் தொழில் தொழில்தானே. "அவருக்கும் வாதிக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியாதுங்க. முந்தாநேத்து ஒங்க வீட்டுல தோசை சாப்பிட்டாகளாம். நேத்து மத்தியானம் பெரியவீட்டு அய்யா வீட்டுல கறிச்சோறு."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. முனியசாமி சத்தியம் செய்து கூண்டில் ஏறியவர், எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "ஆனா அது தங்கலைங்க" என்று சேர்த்துக்கொண்டார். வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. முன்சீப் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "அதை எழுத வேண்டாம்" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சோறு போட்டவர் என்ற பழி அவர் மேஜையிலேயே இருந்ததால் அவருக்கு வேறு கேள்வி இல்லை.

தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள். வெளியே பெரியவீட்டுக்காரர் என் தோளில் தட்டினார். "என் வீட்டுச் சோறு எனக்கே வெனையாப் போச்சுல்ல! பரவால்ல, அடுத்தவாட்டியும் வாங்க." கோபமே இல்லை. அந்த மனிதரை வெறுக்க எனக்கு முடியவில்லை. அவர் வீட்டுக் குடல் குழம்பு அப்படி.

அன்று மத்தியான ரயிலுக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கொளுத்தியது. காலையில் சாப்பிட்ட பூரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் பஸ் ஏறப் போகிற வழியில் பேச்சியம்மாள் வந்தாள். கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் ஒரு செம்பு. செம்பில் தண்ணீர் தளும்புவது எனக்குக் கேட்டது.

"தண்ணீர் கொஞ்சம் தருவீர்களா, அம்மா?" என்றேன்.

அவள் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கிற ஊர் அல்ல அது.

"தர மாட்டேங்க" என்றாள். "எங்க மனு ஒங்க கையில இருக்கு. இப்ப நான் ஒரு மொடக்குத் தண்ணி குடுத்தாலும், நாளைக்கு ஒங்க கமிட்டியில எவராச்சும் கேப்பாக. யாரு சோறு போட்டான்னு. நீங்க என்ன சொல்லுவீக?" கண் கலங்கியிருந்தது. "கொழாய் அந்தக் கடைசியில இருக்கு. அது ரயில்வே தண்ணி. அது பொது."

தூக்குச்சட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கருவாட்டுக் குழம்பு. மூக்கு பொய் சொல்லாது. இந்தப் பயணத்தில் யார் யார் கூப்பிட்டார்களோ அத்தனை பேர் இலையிலும் உட்கார்ந்தவன் நான். சாப்பிட வேண்டும் என்று நானாக ஆசைப்பட்டது அந்த ஒரு சட்டிச் சோற்றுக்குத்தான். குழாயடிக்குப் போய் இரு கைகளிலும் ஏந்திக் குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. பிளாட்பாரத்தில் யாரும் இல்லாததால் அழுதேன்.

கொழும்புக்கு வந்து அறிக்கை எழுதினேன். கமிட்டி கூடுவதற்குள் இளம் வக்கீலிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கிணறு பேச்சியம்மாளுக்கு என்று தீர்ப்பு. வேறு ஒரு வரி இல்லை.

கமிட்டித் தலைவர், இறந்த முதலாளியின் மைத்துனர். நூல்நிலையத்தில் மாட்டுவதற்கென்று படத்துக்கு ஏற்கனவே சட்டம் போட்டு வைத்திருந்தார். என் அறிக்கையை ஒரு பக்கமாகத் தள்ளினார். "சோத்துக் கொட்டகைக்காக இவ்வளவு உருகி எழுதியிருக்கிறீர்களே. உங்களைத்தான் எங்களுக்குத் தெரியுமே. அந்தப் பெண்கள் உங்களுக்கு என்ன கறி சமைத்துப் போட்டார்கள்?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன்" என்றேன். "தரவில்லை."

சிரிப்பு நின்றது. ஏன் தரவில்லை என்று தலைவர் கேட்டார். சொன்னேன். அவர் அறிக்கையைத் திரும்பத் தம் பக்கம் இழுத்து, கையெழுத்துப் போட்டார்.